பள்ளியில் உணவு விதி வந்தால் பிள்ளைகளின் சாப்பாடு மாறுமா?

கேள்வி, ஜனவரி 12

என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். இனிப்பு, பொட்டலத் தீனி, குளிர்பானம் எதையும் பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாது என்றும், உணவுக்கூடத்தில் காய்கறி வாங்காமல் யாரும் தட்டை எடுத்துச் செல்லக் கூடாது என்றும் சுற்றறிக்கை வந்திருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் முதலில் தேடுவது பிஸ்கட் டப்பாவைத்தான். இத்தகைய விதிகளால் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பழக்கம் உண்மையிலேயே மாறுகிறதா, அல்லது பள்ளி தன் கடமை முடிந்தது என்று சொல்லிக்கொள்ள மட்டும்தான் இவை பயன்படுகின்றனவா?

ஜனவரி 12, இரவு 9.40

மாறுகிறது என்றே சொல்வேன். பதினாறு ஆண்டுகளாகத் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அதில் பதினோரு ஆண்டுகளாக மதிய உணவு நேர மேற்பார்வையும் என் பொறுப்பில் இருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி குளிர்பானத்தைத் தடை செய்தது. அதுவரை, சாப்பாட்டு வேளை முடிந்ததும் மேசைகளுக்கு அடியில் உருண்டு கிடக்கும் காலிப் பாட்டில்களைப் பொறுக்கவே தனியாக ஒரு கூடை வைத்திருந்தோம். தடை வந்த இரண்டு மாதங்களில் அந்தக் கூடைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. பிள்ளைகள் தண்ணீர்க் குழாயின் முன் வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள்.

பெரிய அளவிலும் சான்று உண்டு. அமெரிக்காவில் 2010 டிசம்பரில் பள்ளி உணவுச் சட்டத்தைத் திருத்தி, 2012-13 கல்வியாண்டு முதல் ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது அரைக் கோப்பைப் பழமோ காய்கறியோ தட்டில் எடுத்தே ஆக வேண்டும் என்று விதித்தார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் மிகுதியாகப் படிக்கும் நான்கு நகர்ப்புறப் பள்ளிகளில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் விதிக்கு முன்னும் பின்னும் தட்டுகளில் மிஞ்சியதை அளந்தார்கள். பழம் எடுத்த பிள்ளைகள் 23 சதவீதம் கூடியிருந்தார்கள். ஒரு பிள்ளை உண்ட காய்கறியின் அளவு 16 சதவீதம் உயர்ந்திருந்தது. விதி வந்ததால் வீணாவது கூடிவிடும் என்ற அச்சமும் அந்தப் பள்ளிகளில் மெய்யாகவில்லை.

ஜனவரி 13, காலை 6.15

நேற்று எழுதியதைக் காலையில் படித்துப் பார்த்தபோது, கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்று தெரிந்தது. பிள்ளையின் பழக்கம் மாறுகிறதா என்று நீங்கள் கேட்டீர்கள். பள்ளியின் தரை மாறியதைப் பற்றி நான் எழுதியிருக்கிறேன். பாட்டில் எங்கள் கட்டடத்துக்குள் வராமல் போனது உண்மை. மாலையில் வாசலைத் தாண்டியதும் அதே பிள்ளைகளின் கையில் அதே பாட்டில் இருந்ததும் உண்மைதான், அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அமெரிக்காவில் நாற்பது மாநிலங்களின் எட்டாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு 2012இல் வெளியாகியிருக்கிறது. வாயு அடைத்த குளிர்பானத்தை மட்டும் தடுத்த மாநிலங்களில், பிள்ளைகள் சர்க்கரை சேர்த்த வேறு பானங்களைப் பள்ளியிலேயே வாங்கிக் குடித்திருக்கிறார்கள். சர்க்கரைப் பானம் அத்தனையையும் தடுத்த மாநிலங்களில் பள்ளிக்குள் வாங்குவது குறைந்திருக்கிறது. ஆனால் நாள் முழுதும் குடித்த மொத்த அளவு குறையவில்லை. எனவே நேற்றைய என் "மாறுகிறது" என்ற சொல்லைப் பாதி திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பள்ளி நேரம் மாறுகிறது. மற்ற நேரத்தைப் பற்றி இன்னும் யோசிக்க வேண்டும்.

ஜனவரி 15

அந்த நான்கு பள்ளிகளின் ஆய்வைப் பற்றிச் சொன்னபோது ஒரு பாதியை விட்டுவிட்டேன். விதி வந்த பிறகும் அங்கே காய்கறியில் 60 முதல் 75 சதவீதம் வரை குப்பைக்குத்தான் போயிற்று. முன்பும் அவ்வளவே போய்க்கொண்டிருந்தது என்பதால் "வீணாவது கூடவில்லை" என்று எழுத முடிந்தது. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தார் தொடக்கப் பள்ளிகளில் தட்டுகளைப் படம் எடுத்துக் கணக்கிட்டதில் இதற்கு மாறான முடிவு கிடைத்தது. விதிக்குப் பிறகு பழமோ காய்கறியோ எடுத்தவர்கள் கூடினார்கள், உண்டது 0.51 கோப்பையிலிருந்து 0.45 ஆகக் குறைந்தது, எறிந்தது 0.25 கோப்பையிலிருந்து 0.39 ஆக உயர்ந்தது.

எங்கள் உணவுக்கூடத்தில் ஓர் இரண்டாம் வகுப்புப் பையன் தட்டிலிருந்த காய்கறியை அப்படியே வாளியில் கவிழ்த்தபோது நான் தடுத்தேன். "வாங்கணும்னுதானே டீச்சர் போர்டுல எழுதியிருக்கு, வாங்கிட்டேனே" என்றான். பலகையைத் திரும்பிப் பார்த்தேன். அவன் சொன்னது சரியாகவே இருந்தது.

ஜனவரி 19, ஞாயிறு

கழிவு வாளியைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றுதான் நேரம் கிடைத்தது.

சென்ற பருவத்தில் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, சமையற்கூடத்து எடைத் தராசையும் இரண்டு வாளிகளையும் எடுத்துக்கொண்டு, பத்து நாள் தொடர்ந்து மிச்சத்தை நிறுத்தேன். ஒரு வாளி காய்கறிக்கும் பழத்துக்கும், மற்றது எல்லாவற்றுக்கும். எடையைவிட வாளிக்குள் கிடந்தவை அதிகம் சொல்லின. காரட் வில்லைகளில் பாதிக்கு மேல் ஒரே ஒரு பல் தடம் இருந்தது. அதாவது பிள்ளை வாயில் வைத்துப் பார்த்திருக்கிறது, பிடிக்காமல் எடுத்திருக்கிறது. பீன்ஸ் தொடப்படாமல் நீளமாகக் கிடந்தது. முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் உண்டு முடித்த பிறகு பார்த்தால் ஆப்பிள்கள் முழுசாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் பக்கவாட்டில் தோலை மட்டும் சீவியது போன்ற ஒரு கீறல். மூன்றாம் நாள்தான் எனக்கு விளங்கியது. ஆறு, ஏழு வயதில் முன்பற்கள் விழுந்துவிடுகின்றன. முழு ஆப்பிளைக் கடிக்க அந்தப் பிள்ளைகளுக்குப் பல்லே இல்லை. வாயைக் கோணலாக்கிக் கடைவாய்க்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, முடியாமல் வாளியில் போட்டிருக்கிறார்கள்.

விதியில் "ஒரு பழம்" என்று இருக்கிறது. பதிவேட்டில் அது வழங்கப்பட்ட பழம். மேலிருந்து வந்து பார்ப்பவருக்கு எங்கள் பள்ளி நூற்றுக்கு நூறு விதியைக் கடைப்பிடித்த பள்ளி. சமையற்கூடத்து அக்காவிடம் ஆப்பிளை நான்காக வெட்டித் தர முடியுமா என்று கேட்டேன். வெட்டி வைத்தால் கறுத்துவிடும், கறுத்ததைப் பிள்ளைகள் தொட மாட்டார்கள், அதனால் வரிசை வரும்போதுதான் வெட்ட வேண்டும், அதற்கு இன்னோர் ஆள் வேண்டும் என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் நியாயம். கடைசியில் சிறிய வகுப்புகளுக்கு மட்டும் வெட்டுவது என்று முடிவாகி, ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ஒருவரும் நானும் முறைபோட்டு அந்தப் பத்து நிமிடம் கத்தியோடு நின்றோம். முதல் வகுப்பின் வாளியில் அதன் பிறகு பெரும்பாலும் காம்பும் விதையும்தான் விழுந்தன.

அந்தப் பத்து நாளுக்குப் பிறகு, ஒரு விதியைப் படிக்கும்போது அது யாருக்கு வேலை வைக்கிறது என்றே முதலில் பார்க்கிறேன். "காய்கறி வாங்க வேண்டும்" என்பது பிள்ளைக்கு வைத்த வேலை. "கடிக்கக்கூடிய அளவில் வெட்டித் தர வேண்டும்" என்பது பெரியவர்களுக்கு வைத்த வேலை. எங்கள் சுற்றறிக்கைகளில் முதல் வகைதான் நிறைந்திருக்கிறது.

ஜனவரி 20

சேர்த்துச் சொல்ல மறந்தது: காய்கறிக்கு வேடிக்கையான பெயர் வைத்தால் பிள்ளைகள் கூடுதலாக எடுக்கிறார்கள் என்று கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று உண்டு. செலவில்லாத வழி. எங்கள் பலகையிலும் அப்படி எழுதிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

ஜனவரி 23

நேரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. உணவு விதிகளில் எத்தனை கிராம் உப்பு, எத்தனை கிராம் சர்க்கரை என்றெல்லாம் இருக்கின்றன. பிள்ளை உட்கார்ந்து உண்ண எத்தனை நிமிடம் என்பது பெரும்பாலும் இருப்பதில்லை. எங்கள் கால அட்டவணையில் மதிய உணவுக்கு முப்பது நிமிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மூன்றாம் வகுப்புப் பெண்ணைப் பின்தொடர்ந்தேன். கை கழுவி வரிசையில் நின்று தட்டோடு உட்காருவதற்கு அவளுக்குப் பதினான்கு நிமிடம் ஆயிற்று. விளையாடப் போகும் தோழிகள் எழுந்ததும் இவளும் எழுந்துவிட்டாள். உண்ண அவளுக்குக் கிடைத்தது ஒன்பது நிமிடம். ஒன்பது நிமிடத்தில் எந்தப் பிள்ளையும் தனக்கு மிகவும் பிடித்ததைத்தான் முதலில் உண்ணும். மெல்ல வேண்டியதைக் கடைசிக்கு ஒதுக்கும். கடைசி வருவதற்குள் மணி அடித்துவிடும்.

முன்பு சொன்ன ஹார்வர்டு ஆய்வாளர்களே 2016இல் இதையும் அளந்து எழுதியிருக்கிறார்கள். உட்கார்ந்து உண்ண 20 நிமிடத்துக்கும் குறைவாகக் கிடைத்த பிள்ளைகள், 25 நிமிடமாவது கிடைத்தவர்களைவிட முதன்மை உணவை 13 சதவீதமும் காய்கறியை 12 சதவீதமும் பாலை 10 சதவீதமும் குறைவாக உண்டார்கள். சமையலில் ஒரு துளியும் மாறாமல், மணியை மட்டும் தள்ளி அடிப்பதால் இவ்வளவு கிடைக்குமானால், அதை ஏன் ஒரு விதியாக எழுதக் கூடாது?

ஜனவரி 27

பிள்ளைகள் கொண்டுவரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சோதிப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மகன் பள்ளியில் அதைத் தொடங்கியிருக்கிறார்கள் என்று அறிந்து வருத்தமாக இருக்கிறது. நான் அதைச் செய்திருக்கிறேன். மறைக்க விரும்பவில்லை.

ஒரு பருவம் முழுதும் வகுப்பு தொடங்குமுன் டப்பாக்களைத் திறந்து பார்த்து, தடை செய்ததை எடுத்து வைத்துக்கொண்டு மாலையில் திருப்பித் தரும் பணி எனக்கும் இன்னோர் ஆசிரியைக்கும் தரப்பட்டது. இரண்டாவது வாரத்தில் ஒரு சிறுமி டப்பாவைத் திறக்க மறுத்தாள். மூடியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டு, என்னைப் பார்க்காமல் மேசையையே பார்த்தாள். நான் குனிந்து மெதுவாகத் திறந்தேன். உள்ளே ஒரு கிரீம் பிஸ்கட் பொட்டலம் மட்டும் இருந்தது. அம்மா இரவுப் பணி முடிந்து வர நேரமாகிவிட்டது, அதனால் தானே எடுத்து வைத்துக்கொண்டு வந்ததாகப் பின்னர் சொன்னாள். விதிப்படி அதை நான் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொண்டால் அவளுக்கு மதியம் உண்ண எதுவும் இல்லை. அந்தப் பொட்டலத்தை அவளிடமே கொடுத்துவிட்டு, உணவுக்கூடத்தில் ஒரு தட்டும் ஏற்பாடு செய்தேன். ஆனால் சுற்றியிருந்த பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். மறுநாள் முதல் அவள் வகுப்புக்குக் கடைசியாக வரத் தொடங்கினாள். அந்தப் பருவம் முடிந்ததும் சோதனைப் பணியை இனிச் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். வேறு இருவரும் எழுதிக் கொடுத்ததால் அது நின்றது.

மனிதாபிமானத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் இந்தச் சோதனை பலன் தருவதில்லை என்றே தோன்றுகிறது. 1999இல் ஜெனிஃபர் ஃபிஷரும் லியான் பர்ச்சும் சிறு பிள்ளைகளிடம் செய்த சோதனை இது: ஒரே மாதிரியான இரண்டு தின்பண்டங்களில் ஒன்றைத் தாராளமாகவும் மற்றொன்றைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துச் சற்று நேரம் மட்டுமே எடுக்கலாம் என்றும் கொடுத்தார்கள். கட்டுப்படுத்தப்பட்டதைப் பற்றித்தான் பிள்ளைகள் ஓயாமல் பேசினார்கள், கேட்டார்கள், எடுக்க முயன்றார்கள். எங்கள் பள்ளியிலும் தடைக்குப் பிறகு மிட்டாய் ஒரு நாணயம் போலக் கைமாறியது. வீட்டுப்பாடம் எழுதித் தருவதற்கு அது கூலியாகக்கூட ஆயிற்று.

வீட்டிலிருந்து வரும் உணவை விதியால் எட்டுவது எவ்வளவு கடினம் என்பதற்குப் பிரிட்டனின் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். பள்ளிச் சமையற்கூடத்துக்கு அங்கே 2006 முதல் கடுமையான தரம் விதிக்கப்பட்டிருக்கிறது. வீட்டிலிருந்து கட்டிவரும் டப்பாக்களை லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் அதே தரத்தோடு ஒப்பிட்டார்கள். பத்து ஆண்டுகள் கழித்து 2016இல் பார்த்தபோதும் அந்தத் தரத்தை எட்டிய டப்பாக்கள் 1.6 சதவீதம் மட்டுமே.

பிப்ரவரி 5

ஜனவரி 20 குறிப்பைத் தயவுசெய்து கணக்கில் எடுக்க வேண்டாம். வேடிக்கைப் பெயர் ஆய்வைச் செய்தவர் கார்னெலின் பிரையன் வான்சிங்க். உணவுக்கூட உத்திகள் பற்றிய அவருடைய பல கட்டுரைகளை ஆய்விதழ்கள் திரும்பப் பெற்றுவிட்டன; 2018 செப்டம்பரில் ஒரே நாளில் மட்டும் ஆறு கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஆய்வு நெறியை மீறினார் என்று பல்கலைக்கழகமே அறிவித்தது. அவரும் பதவி விலகினார். பல நாடுகளின் பள்ளிகள் அவர் சொன்ன வழிகளை நம்பிச் செய்துகொண்டிருந்தன. ஓர் அழகான முடிவு என்பதால் சரிபார்க்காமல் எழுதிவிட்டேன். பலகையில் பெயர் எழுதும் எண்ணத்தையும் விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 6

ஆனால் உணவுக்கூட ஆய்வுகள் எல்லாமே பொய் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தட்டை எடைபோட்டும் படம் எடுத்தும் செய்யப்பட்ட வேலைகள் வேறு.

பிப்ரவரி 11

மினசோட்டா பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட முறை ஒன்றை எங்கள் பள்ளியில் மூன்று வாரம் செய்து பார்த்தோம். பிள்ளைக்கு மற்ற உணவு எதுவும் கண்ணில் படுமுன், பசியோடு இருக்கும்போதே, காய்கறியை மட்டும் தனியாகக் கொடுப்பது. அவர்கள் சிறு கிண்ணங்களில் காரட்டை வைத்துக் கொடுத்தபோது உண்டது பல மடங்கு கூடியதாம்.

எங்களுக்கு அந்தப் பதினான்கு நிமிட வரிசை இருந்தது. அதையே பயன்படுத்தினோம். வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் கையில் வெள்ளரியும் காரட்டும் விரல் நீளத் துண்டுகளாகப் போட்ட சிறு கிண்ணங்களைக் கொடுத்தோம். வாங்கு என்றும் சொல்லவில்லை, தின் என்றும் சொல்லவில்லை. வரிசையில் நிற்பவர்களுக்குச் செய்ய வேறு வேலை இல்லை; சமையற்கூடத்து வாசனை மூக்கைத் துளைக்கிறது; கையில் இருப்பது இது ஒன்றுதான். இரண்டாம் நாள் முதல் நொறுக் நொறுக் என்று கடிக்கும் ஓசை வரிசை நெடுகக் கேட்டது. உண்ணாதவர்களும் இருந்தார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜனவரி 15இல் நான் சொன்ன இரண்டாம் வகுப்புப் பையன் மூன்றாவது வாரத்தில் இன்னொரு கிண்ணம் கேட்டான்.

பீன்ஸுக்கு இந்த வழி உதவவில்லை. வேகவைத்துத் தர வேண்டிய காய்கறிகள் எதற்குமே உதவவில்லை. கையில் பிடிக்க முடியாததை வரிசையில் கொடுக்க இயலாது. அந்த வாளியின் எடை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

பிப்ரவரி 12

"விதியே தேவையில்லை, பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும்" என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நார்ச்சத்தைப் பற்றி ஒரு பக்கம் பிழையில்லாமல் எழுதுவார்கள். எழுதி முடித்து மணி அடித்ததும் எதை நோக்கி ஓடுகிறார்கள் என்பதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். தெரியாததால் அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

பிப்ரவரி 24

வீட்டில் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். என் மகளுக்கு நான்கு வயதில் தட்டைக் காலி செய்யாமல் எழக் கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தேன். ஓர் இரவு பூசணித் துண்டு ஒன்றை முக்கால் மணி நேரம் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. இன்று அவளுக்குப் பத்தொன்பது வயது. இன்னும் பூசணி உண்பதில்லை. பிள்ளைகளைச் சூப் குடித்து முடி என்று வற்புறுத்தியும் வற்புறுத்தாமலும் பார்த்த ஓர் ஆய்வு 2006இல் வெளியாயிற்று. வற்புறுத்தப்பட்டவர்கள் குறைவாகக் குடித்தார்கள், அதைப் பற்றிக் குறையாகவும் பேசினார்கள். அன்றைக்கு அது எனக்குத் தெரிந்திருந்தால் அந்த முக்கால் மணி நேரத்தை அவளுக்குக் கொடுத்திருக்க மாட்டேன்.

லண்டனில் ஜேன் வார்டில் 2003இல் எழுதியது இதற்கு நேர் எதிரான வழி. பிள்ளைக்குப் பிடிக்காத ஒரு காய்கறியைத் தொடர்ந்து பதினான்கு நாள், நாளுக்கு ஒரு முறை, சுவைத்துப் பார்க்க மட்டும் பெற்றோர் கொடுத்தார்கள். முடிவில் அந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் காய்கறியின் மேல் விருப்பமும் கூடியது, உண்ட அளவும் கூடியது. பெரும்பாலான வீடுகளில் மூன்றாம் முறையோடு விட்டுவிடுகிறோம். பள்ளி இதைச் செய்ய வீட்டைவிட வாய்ப்பு அதிகம். ஆனால் காய்கறி நாள்தோறும் மாற வேண்டும் என்ற விதி இருக்கும் இடத்தில் ஒன்றையே பதினான்கு முறை சுவைக்கத் தருவது எப்படி என்று தெரியாமல் நானும் சமையற்கூடத்து அக்காவும் விழித்துக்கொண்டிருக்கிறோம்.

மார்ச் 3

விதி நல்லதாக இருந்தும் தோற்பது உண்டா? உண்டு. இங்கிலாந்தில் 2006 செப்டம்பரில் ரோதர்ஹாம் அருகே ஒரு பள்ளியில் புதிய தரத்தின்படி உணவை மாற்றி, வெளியே சென்று உண்பதையும் தடுத்தார்கள். சில தாய்மார் பிள்ளைகளிடம் பட்டியல் வாங்கிப் பர்கரையும் வறுவலையும் வேலிக் கம்பிகளின் வழியே உள்ளே கொடுத்தார்கள். செய்தித்தாள்கள் அந்தத் தாய்மாரை மிகவும் மோசமாக எழுதின. எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. தங்கள் பிள்ளை பசியோடு வீடு திரும்புகிறது என்பதுதான் அவர்கள் சொன்ன குறை.

அதே காலத்தில் லண்டனின் கிரீனிச் பகுதிப் பள்ளிகளில் சமையல்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து உணவை மாற்றினார்கள். அங்கே பிள்ளைகள் ஆங்கிலத்திலும் அறிவியலிலும் பெற்ற மதிப்பெண் உயர்ந்ததாகவும், நோய் போன்ற அனுமதிக்கப்பட்ட காரணங்களால் வராமலிருப்பது 14 சதவீதம் குறைந்ததாகவும் பொருளாதார ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். ஒரே நாடு, ஏறத்தாழ ஒரே உணவு. சமைப்பவரிடமும் வீட்டாரிடமும் முதலில் பேசினார்களா என்பதில்தான் வேறுபாடு இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

மார்ச் 4

நேற்றைய ஊகத்தைச் சற்று அடக்கி எழுதியிருக்க வேண்டும். ஒரு பள்ளியின் சில நாள் செய்தியையும் ஒரு பகுதியின் பல ஆண்டுக் கணக்கையும் அருகருகே வைத்து அப்படிச் சொல்வது சரியில்லை. சமையல்காரருக்குப் பயிற்சி என்பது மட்டும் உறுதியான செய்தி, அதைப் பற்றிக்கொள்கிறேன்.

மார்ச் 15

பள்ளிக்கு வெளியே என்ன ஆகும் என்ற ஜனவரி 13 கேள்விக்குத் திரும்புகிறேன். பள்ளி எட்ட முடியாத இடத்தை உற்பத்தியாளருக்கு வைக்கும் விதி எட்டுகிறது. பிரிட்டன் 2018 ஏப்ரலில் குளிர்பானங்களுக்கு விதித்த வரி சர்க்கரையின் அளவுக்கு ஏற்பக் கூடும். 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்குக் கீழே இருந்தால் வரியே இல்லை. வரி வரும் என்று ஈராண்டு முன்பே அறிவித்துவிட்டதால் நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. வரி இல்லாதிருந்தால் 49 சதவீதப் பானங்கள் அந்த எல்லைக்கு மேல் இருந்திருக்கும். 2019 பிப்ரவரியில் இருந்தது 15 சதவீதம். வாசலுக்கு வெளியே வாங்கிக் குடிக்கும் பிள்ளை தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவே இல்லை. ஆனால் அதன் வயிற்றுக்குள் போகும் சர்க்கரை குறைந்துவிட்டது. எண்ணெயைத் தொழிற்சாலையில் கெட்டியாக்கும்போது உருவாகும், இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு, ஓர் உணவிலுள்ள மொத்தக் கொழுப்பில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று டென்மார்க் 2003இல் விதித்ததும் இப்படித்தான். எந்தப் பிள்ளையிடமும் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதே டென்மார்க் 2011 அக்டோபரில் வெண்ணெய், இறைச்சி போன்றவற்றில் இருக்கும் நிறைகொழுப்புக்கு வரி போட்டு, மக்கள் எல்லை தாண்டிப் போய் வாங்குவதைப் பார்த்து 2013 தொடக்கத்தில் எடுத்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். விதியை எழுதும் இடத்திலேயே அது வளைந்துபோவதும் உண்டு. அமெரிக்காவில் பள்ளிப் பீட்சாவின் மேல் பூசும் இரண்டு மேசைக்கரண்டி தக்காளி விழுதை அரைக் கோப்பைக் காய்கறியாக எண்ணும் கணக்கை மாற்ற முயன்றபோது, 2011இல் நாடாளுமன்றமே அதைத் தடுத்துவிட்டது.

மார்ச் 22

பசியைப் பற்றி நான் போதிய அளவு எழுதவில்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டியது சரிதான். பின்லாந்து 1948 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டணமில்லாமல் மதிய உணவு தருகிறது. எல்லாரும் ஒரே உணவை உண்ணும் இடத்தில் திறந்து பார்க்க டப்பா இல்லை, மறைக்க வேண்டிய மூடியும் இல்லை. ஜப்பானில் பள்ளி உணவுச் சட்டம் 1954இல் வந்தது. அங்கே பிள்ளைகளே வெள்ளைத் தொப்பியும் மேலங்கியும் அணிந்து முறைபோட்டுப் பரிமாறுகிறார்கள், ஆசிரியரும் வகுப்பறையிலேயே அவர்களோடு உட்கார்ந்து அதையே உண்கிறார். 2005 முதல் அங்கே உணவைக் கற்பிக்கவே தனி ஆசிரியர் பணியிடமும் உண்டு. நான் பதினோரு ஆண்டுகளாக உணவுக்கூடத்தில் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். ஒரு நாளும் பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்டதில்லை. மேற்பார்வை விதியில் "நிற்க வேண்டும்" என்று இருக்கிறது.

மார்ச் 29

உங்கள் மகன் பள்ளியில் பெற்றோர் கூட்டம் வருகிறது, என்ன கேட்கலாம் என்றீர்கள். தடையை எதிர்த்துப் பேச வேண்டாம். சர்க்கரைப் பானம் பள்ளிக்குள் வராமலிருப்பது நல்லதுதான். தட்டோடு உட்கார்ந்த பிறகு பிள்ளைக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்று கேளுங்கள். யாரும் அளந்திருக்க மாட்டார்கள். அளந்து சொல்லும்படி கேளுங்கள். மிச்ச வாளியில் என்ன கிடக்கிறது என்று ஒரு நாள் நீங்களே போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். டப்பாவைச் சோதிப்பவர், அதில் உணவு போதாமலிருந்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள். பிஸ்கட் டப்பாவைப் பற்றி நான் சொல்லக்கூடியது குறைவு. அவன் பள்ளியில் எத்தனை நிமிடம் உண்டுவிட்டு வருகிறான் என்று தெரிந்த பிறகு அதைப் பார்க்கலாம்.

ஏப்ரல் 6

பதினொரு நிமிடம் என்று அளந்து சொன்னார்களாமே. அப்படியானால் அவன் பிஸ்கட் டப்பாவைத் தேடுவது பசியால்.

எங்கள் பள்ளியில் அடுத்த பருவம் முதல் மதிய உணவு நாற்பது நிமிடம். கணித ஆசிரியர் தம் பாடவேளையிலிருந்து ஐந்து நிமிடமும், நான் என் வேளையிலிருந்து ஐந்து நிமிடமும் கொடுத்திருக்கிறோம். சிறிய வகுப்புகள் முதலில் உள்ளே வரும். மேற்பார்வையாளர் உட்கார்ந்து உண்ணலாம் என்று தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை முதல் வாளியை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நிறுக்கப் போகிறார்கள். தராசை இப்போதே துடைத்து வைத்திருக்கிறார்கள். பீன்ஸை என்ன செய்வது என்று யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.